முகலட்சணம் போதும்

மூன்றாம் வார்டில் வேலை பார்த்த அந்த நர்ஸுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். ஆஸ்பத்திரி முழுக்க அவள் நெத்தியக்கா. யாரோடு பேசினாலும், பேச்சு அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, அவள் புறங்கை தானாக எழும்பி எதிராளியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரும். பால் ஊற்றுகிறவர், பஸ் கண்டக்டர், பக்கத்து வீட்டுக்கு விலாசம் கேட்டு வந்தவர் என்று யாரும் தப்பியதில்லை. வங்கியில் பணம் எடுக்கப் போனபோது குறுக்கே கண்ணாடி இருந்ததை மறந்து கண்ணாடியைத் தொட்டுவிட்டு, "சில்லுனு இருக்கீங்களே, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாளாம். கல்யாணத்தன்று மாப்பிள்ளை பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் அவர் நெற்றியிலும் கை வைத்தாள். "லேசா சூடு இருக்கு, தண்ணி நிறைய குடிங்க" என்றாள். அந்த மனிதர் அதை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டினார். தண்ணீரும் நிறையவே குடித்தார்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வாத்தியார். வாத்தியார் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் வண்டியில் இத்தனை காலம் உட்கார்ந்ததால், வீட்டில் பேச்சு கொஞ்சம் வேகம் பிடித்தாலே அவர் வலது கால் தரையை அழுத்தும். நெத்தியக்கா கோபமாகப் பேச ஆரம்பித்தால் நாற்காலிக்குக் கீழே டக் டக் என்று சத்தம் கேட்கும்.

நெத்தியக்கா நர்ஸாக ஆன கதை பெரிய லட்சியக் கதை ஒன்றும் இல்லை. அவளுடைய அப்பா கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். வாய் மூடாத மனுஷன். ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்து படுத்திருந்தபோதும் ஆஸ்பத்திரிப் பலகையில் எழுத்துப் பிழை என்று கத்திக்கொண்டிருந்தார். அப்போது ஒரு நர்ஸ் வந்து, வாயில் தெர்மாமீட்டரைச் சொருகிவிட்டு, "இது வெளிய வர்ற வரைக்கும் பேசக் கூடாது" என்றார். அப்பா பேசவில்லை. அம்மாவால் முடியாதது, அத்தைகளால் முடியாதது, ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயால் முடிந்தது. பள்ளிக்கூடம் முடித்த மகள் கட்டில் ஓரத்தில் நின்று அதைப் பார்த்தாள். படித்தால் இதுதான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

அப்புறம் படித்தாள், பட்டயம் வாங்கினாள், அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள், வயிற்று அறுவை சிகிச்சை செய்தவர்களைப் படுக்க வைக்கும் மூன்றாம் வார்டில் வேரூன்றினாள். எத்தனையோ டாக்டர்கள் வந்தார்கள், போனார்கள். அவள் மட்டும் வார்டுச் சுவரைப் போல அங்கேயே இருந்தாள்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த விளம்பரம் வந்தது.

அதைக் கண்டுபிடித்தது அவள் கணவரின் தங்கை. நாத்தனார் அவர்கள் வீட்டிலேயேதான் இருந்தாள். வேலை தேடுவதையே முழுநேர வேலையாக வைத்திருந்தாள். தினமும் பேப்பரைப் பின்பக்கத்திலிருந்து பிரித்து, 'தேவை' என்று ஆரம்பிக்கும் எல்லாவற்றையும் சத்தம் போட்டுப் படிப்பாள். எதற்கும் மனுப் போட மாட்டாள். "நமக்கு ஒத்து வராது" என்று எல்லா முதலாளிகளையும் காலை டீ ஆறுவதற்குள் நிராகரித்துவிடுவாள்.

அன்று காலை படித்துக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தினாள்.

"அண்ணி, உங்க ஆஸ்பத்திரிதான் போட்டிருக்கு."

"படி."

"தோட்டக்காரர் தேவை. பட்டயப் படிப்பு, பத்தாண்டு அனுபவம், இரண்டு நற்சான்றிதழ்கள், பொறுப்புணர்ச்சி, உயிர்களின்பால் அன்பு ஆகியவை அவசியம்."

"சரி, நல்லாத்தானே போட்டிருக்காங்க."

"அதுக்குக் கீழ நர்ஸ். படிக்கட்டுமா?"

"ஏன் இழுக்கற, படி."

"நர்ஸ் தேவை. முகலட்சணம் போதும். அனுபவம் வேண்டாம். வேறு வேலை கிடைக்காதவர்களும் வரலாம்."

நெத்தியக்கா வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் கணவர் முன்னெச்சரிக்கையாகக் காலால் தரையை அழுத்தினார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் உடை மாற்றும் அறைக்குள் அவள் நுழைந்தபோது பேப்பர் அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தார்கள். ஒருத்தி கண்ணாடி முன் நின்று தன் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்து, "எனக்கு எப்படிடி இந்த வேலை குடுத்தாங்க?" என்று நிஜமாகவே கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி அழுதாள். மூன்றாம் வார்டில் அவளோடு வேலை பார்க்கும் ஓயாத வாய்க்காரி, ரேடியோ என்று பெயர் வாங்கியவள், ஸ்டூல் மேல் ஏறி நின்று முழங்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா வந்துட்டாங்க. கேளுங்கக்கா நியாயத்த. செடிக்குத் தண்ணி ஊத்தறவருக்குப் பத்து வருஷ அனுபவம் வேணுமாம். உயிர்களின்பால் அன்பு வேணுமாம். நமக்கு மூஞ்சி இருந்தாப் போதுமாம்."

"இறங்கு முதல்ல. ஸ்டூல் ஆடுது" என்றாள் நெத்தியக்கா. "வா, கேட்டுட்டு வருவோம்."

விளம்பரம் எழுதியது ஆள்சேர்ப்பைப் பார்த்துக்கொள்ளும் இளைஞன். எச்.ஆர். தம்பி என்றால் எல்லோருக்கும் தெரியும். கெட்டவன் இல்லை. யாராவது கோபமாக வந்தால் உடனே நாற்காலி போட்டு உட்கார வைப்பான். உட்கார்ந்தால் பாதிக் கோபம் போய்விடும் என்று எங்கேயோ பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இருவரும் உட்காரவில்லை.

"அக்கா, அது அவமரியாதையே இல்ல" என்றான் அவன். "இடப் பிரச்சினை. பேப்பர்ல நமக்குக் குடுத்தது இத்துனூண்டு கட்டம். தோட்டக்காரருக்கு எழுதி முடிச்சுப் பாத்தா மிச்சம் கொஞ்சூண்டு இடம்தான் இருக்கு."

"அப்ப நர்ஸுக்கு முதல்ல எழுதியிருக்கலாமே."

"அகர வரிசைல போட்டோம்க்கா. 'தோ' முதல்ல வருது."

"சரி. முகலட்சணம் எங்கருந்து வந்துச்சு?"

"அர்ப்பணிப்பு உணர்வுன்னுதான் முதல்ல போட்டேன். அது கட்டத்தைத் தாண்டி வெளிய போயிடுச்சு. சின்னதா என்ன வார்த்தை இருக்குன்னு தேடினேன். இது சரியா உக்காந்துச்சு."

நெத்தியக்காவின் கை எழும்பி அவன் நெற்றிக்குப் போய்த் திரும்பியது. "காய்ச்சல் இல்ல" என்று ரேடியோவிடம் சொன்னாள். "தெளிவாத்தான் பேசறான்."

"வேற வேலை கிடைக்காதவங்கன்னு போட்டியே, அது?" என்றாள் ரேடியோ.

"அது ஒரு கருணைதான்க்கா" என்றான் எச்.ஆர். தம்பி. அதை அவன் மனமாரச் சொன்னான் என்பதுதான் அவர்களுக்கு இன்னும் எரிந்தது.

அதோடு போயிருந்தால் ஒருவேளை நெத்தியக்கா மறந்திருப்பாள். ஆனால் வார்டிலும் எல்லோரும் பேப்பர் படித்திருந்தார்கள். குடலிறக்க ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்த மரச்சாமான் கடைக்காரர், அவள் கட்டுப் பிரிக்கும்போது மெதுவாகக் கேட்டார்: "சிஸ்டர், தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு வேற வேலையே கிடைக்கலையா? நம்ம கடைல ஆள் வேணும். கட்டில், பீரோ பேரெல்லாம் ரெண்டு நாள்ல பழகிக்கலாம்." அவர் மனைவி பக்கத்தில் நின்று நெத்தியக்காவின் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல், "முகலட்சணம் பாத்துத்தான் எடுக்கறாங்கன்னா, உங்கள எப்ப எடுத்தாங்க?" என்றார். குத்திக் காட்டும் எண்ணம் அவருக்கு இல்லை. கணக்கு உதைக்கிறதே என்று கேட்டார், அவ்வளவுதான்.

நெத்தியக்கா கட்டைக் கட்டி முடித்தாள். கை கழுவினாள். வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நாத்தனாரிடம், "அந்த மனுவெல்லாம் எப்படி எழுதணும்?" என்றாள்.

"எந்த வேலைக்கு அண்ணி?"

"தோட்டக்காரர்."

நாத்தனார் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விளம்பரத்துக்கு ஒத்துவரக் கூடிய ஆளைக் கண்டாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பட்டயப் படிப்புன்னு மட்டும்தான் போட்டிருக்கான். எந்தப் படிப்புன்னு போடல. உங்ககிட்ட இருக்கு. அனுபவம்னு போட்டிருக்கான். எதுலன்னு போடல. உங்ககிட்ட இருக்கு. பொறுப்புணர்ச்சி, அன்பு எல்லாம் அளந்தா பாக்கப் போறான்?"

"செடி வளர்க்கத் தெரியுமான்னு எங்கயும் கேக்கலையா?" என்றார் கணவர்.

"கேக்கலை அண்ணா. அதுக்குக் கட்டத்துல இடம் இல்ல போல."

நெத்தியக்காவுக்கு வேலை மாறும் எண்ணமெல்லாம் கிடையாது. இதைப் பார்த்தாவது அவர்களுக்கு உறைக்கட்டும், கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கட்டும் என்பதுதான் அவள் எண்ணம். ரேடியோவிடம் சொன்னாள். ரேடியோவிடம் சொன்னால் எல்லோரிடமும் சொன்ன மாதிரி. வார இறுதிக்குள் நர்ஸுகளில் முக்கால்வாசிப் பேர் தோட்டக்காரர் வேலைக்கு மனுப் போட்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்தவள் நாத்தனார். அவர்கள் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை.

எச்.ஆர். தம்பி மனுக்களைக் கணினிக்குள் போட்டான். கணினிக்குக் கேலி, கோபம் எதுவும் தெரியாது. தகுதியுள்ளவர்கள் என்று நர்ஸுகள் அத்தனை பேரையும் அது பொறுக்கி எடுத்தது. நிஜமான தோட்டக்காரர் ஒருவரைக்கூட எடுக்கவில்லை. பட்டயம் வாங்கிய தோட்டக்காரர் யாரும் மனுப் போட்டிருக்கவில்லை. அனுபவ வருஷங்களை வைத்து வரிசைப்படுத்தியதில் நெத்தியக்கா முதலிடம்.

நேர்முகத்துக்கு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நிர்வாகி நடுவில். அவர் முன்பு ஹோட்டல் நடத்தியவர். நோயாளிகளை விருந்தினர் என்றுதான் சொல்லுவார். அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தால் "மறுபடியும் வாங்க" என்று சொல்லி அனுப்புவார். ஒரு பக்கம் எச்.ஆர். தம்பி. இன்னொரு பக்கம் மூன்றாம் வார்டின் பெரிய சர்ஜன். வீட்டில் புல்தரை வைத்திருந்ததால் அவரைத் துறை வல்லுநராகக் கூப்பிட்டிருந்தார்கள்.

சர்ஜன் அவளைப் பார்த்ததும், "சிஸ்டர், நாலாம் பெட்டுக்கு ஏதாவது ஆயிடுச்சா?" என்று எழுந்தார்.

"இல்ல சார். நான் தோட்டக்காரர் வேலைக்கு வந்திருக்கேன்."

அவர் மெதுவாக உட்கார்ந்தார்.

"ரோஜாவுக்கு எப்ப தண்ணி விடுவீங்க?" என்றார் நிர்வாகி, எழுதி வைத்திருந்ததைப் பார்த்து.

"எனக்குத் தெரியாது சார். வீட்ல ஒரே ஒரு தொட்டி வச்சேன். அதுவும் செத்துப் போச்சு."

"செத்ததுக்குக் காரணம்?"

"நான்தான்."

நிர்வாகி பேனாவைக் கீழே வைத்தார். இத்தனை வருஷத்தில் தன் தவறை ஒப்புக்கொண்ட ஒரு ஊழியரை அவர் பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது. "பொறுப்புணர்ச்சின்னா இதுதான்" என்று எச்.ஆர். தம்பியிடம் சொன்னார். எச்.ஆர். தம்பி ஒரு கட்டத்தில் சரி போட்டான்.

மறுநாள் நியமன உத்தரவு வந்தது. உறைக்கும் என்று நினைத்த யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை. உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக் கூடத்தில் நின்றாள்.

"இப்ப என்ன பண்ணப் போற?" என்றார் கணவர்.

"போக வேண்டியதுதான். வேண்டாம்னு சொன்னா, பாத்தியா, விளையாட்டுக்குப் பண்ணியிருக்காங்கன்னு சிரிப்பாங்க."

"நான் அப்பவே பிரேக் போட்டேன். நீ கவனிக்கல."

தோட்டத்தில் ஏற்கெனவே ஒரு தோட்டக்காரர் இருந்தார். வாட்டசாட்டமான மனிதர், கம்பீரமான வெள்ளை மீசை. காலம் காலமாகத் தற்காலிக ஊழியராகவே இருந்தவர். நெத்தியக்கா போனபோது அவர் கருவி வைக்கும் கொட்டகையில் தன் சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கு அப்போதுதான் பகீர் என்றது.

"அண்ணே, உங்க வேலைன்னு எனக்குத் தெரியாது. நான் வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன்."

"அட, விடும்மா. நானும் இந்த வேலைக்கு மனுப் போட்டேன். பட்டயம் இல்லைன்னு தள்ளிட்டாங்க. அந்தப் பேப்பர்லயே கீழ பாத்தேன். வேற வேலை கிடைக்காதவங்க வரலாம்னு இருந்துச்சு. எனக்குத்தான் கிடைக்கலையே."

"எதுக்கு மனுப் போட்டீங்க?"

"நர்ஸுக்கு. எடுத்துட்டாங்க. லட்சணமா இருக்கேனாம்." மீசையைத் தடவிக்கொண்டார். "மூணாம் வார்டு எந்தப் பக்கம்?"

இப்படியாகத் தோட்டக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வார்டுக்குப் போனார். நெத்தியக்கா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். வார்டில் ரேடியோ பதறிப் போனாள். ஆனால் கெட்டிக்காரி. அவரை ஊசி, மருந்துப் பக்கம் அண்டவே விடவில்லை. "நீங்க எல்லாருக்கும் தண்ணி மட்டும் குடுங்க அண்ணே" என்றாள். அது அவருக்குக் கை வந்த வேலை. ஒவ்வொரு படுக்கையாகப் போய் நின்று நிதானமாகக் கொடுத்தார். மரச்சாமான் கடைக்காரரின் மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்து, "இப்பத்தான் விளம்பரத்துல போட்ட மாதிரி ஆள் எடுக்கறாங்க" என்று திருப்திப்பட்டார்.

தோட்டம்தான் நிலைகுலைந்தது. நெத்தியக்காவுக்குத் தோட்டம் தெரியாது. வார்டு மட்டும்தான் தெரியும். அதனால் தோட்டத்தை வார்டாக நடத்தினாள். ஒவ்வொரு செடிக்கும் ஒரு அட்டை கட்டித் தொங்கவிட்டாள். காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று. வாடிய குரோட்டன்ஸுக்கு ஒரு கம்பு நட்டு, காலி குளுக்கோஸ் பாட்டிலில் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாக இறங்க வைத்தாள். பூச்சி விழுந்த ரோஜாக்களைத் தனியாக ஒரு மூலைக்கு மாற்றி, சுற்றிலும் கயிறு கட்டி, 'பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை' என்று எழுதி வைத்தாள். மற்ற செடிகளைப் பார்க்க மாலையில் மட்டும் நேரம். பெஞ்சில் சத்தமாக ஃபோன் பேசியவர்களை, "பக்கத்துல உடம்பு சரியில்லாம இருக்கு, மெதுவா பேசுங்க" என்று அடக்கினாள். அவர்களும் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்காமலே குரலைத் தாழ்த்தினார்கள்.

அதில் பாதிச் செடி செத்துப் போனது. செத்த செடியைத் துணி போட்டு மூடித்தான் எடுத்துப் போனாள். நிர்வாகி தன் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, இவ்வளவு அக்கறையான தோட்டக்காரரைத் தான் கண்டதில்லை என்று எல்லோரிடமும் சொன்னார்.

ஆனால் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. களை பிடுங்கிக்கொண்டே மூன்றாம் வார்டு ஜன்னலைப் பார்ப்பாள். மூன்றாம் வார்டும் அவளைப் பார்த்தது. முதலில் ரேடியோ மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அக்கா, ரெண்டாம் பெட் அம்மா மாத்திரையை நாக்குக்கடில ஒளிச்சு வச்சுத் துப்பறாங்க. உங்களுக்கு மட்டும்தான் முழுங்குவாங்களாம்." அந்த அம்மாவைச் சக்கர நாற்காலியில் தோட்டத்துக்குத் தள்ளி வந்தார்கள். நெத்தியக்கா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தாள். அந்த அம்மா உடனே விழுங்கினார். மறுநாள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், குளுக்கோஸ் கம்பியைத் தாங்களே உருட்டிக்கொண்டு. குரோட்டன்ஸுக்கு ஏறும் பாட்டிலையும் நோயாளிக்கு ஏறும் பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க யாருக்கும் விசித்திரமாகத் தோன்றவில்லை.

கடைசியில் சர்ஜனே வந்தார். வார்டில் நோயாளிகள் பாதிப் பேர் இல்லாவிட்டால் அவர் யாரைப் பார்ப்பது?

"சிஸ்டர், என் பேஷண்ட் எல்லாம் எங்க?"

"நான் சிஸ்டர் இல்ல சார், தோட்டக்காரர். அதோ அந்தப் பெஞ்சுல வரிசையா உக்காந்திருக்காங்க."

அன்றிலிருந்து மூன்றாம் வார்டு ரவுண்ட்ஸ் தோட்டத்தில்தான் நடந்தது. சர்ஜன், அவர் பின்னால் சின்ன டாக்டர்கள், அவர்கள் பின்னால் ரேடியோ. பெஞ்சிலிருந்து பெஞ்சுக்கு நகர்ந்தார்கள். வழியில் கயிறு கட்டிய மூலை வந்தால் பழக்கதோஷத்தில் எல்லோரும் முகமூடி போட்டுக்கொண்டார்கள்.

ஒரு நாள் ரவுண்ட்ஸ் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. கொட்டித் தீர்த்தது. கட்டிடத்துக்கு ஓட வழியில்லாமல் அத்தனை பேரும் பக்கத்திலிருந்த கொட்டகைக்குள் புகுந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பணக்கார விருந்தினருக்குத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த நிர்வாகியும் அவரோடு உள்ளே வந்து சேர்ந்தார். உர மூட்டைகள், மண்வெட்டிகள், குளுக்கோஸ் கம்பிகள், சர்ஜன், நோயாளிகள் என்று மூச்சு விட இடமில்லை.

அந்த நெருக்கடியில் மரச்சாமான் கடைக்காரர் கண் சொருகிச் சாய்ந்தார். சர்க்கரை வியாதிக்காரர், அதனால்தான் புண் ஆற நாளாகி இன்னும் வார்டிலேயே இருந்தார். ரவுண்ட்ஸ் முடிந்து சாப்பிடலாம் என்று காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் இருந்திருக்கிறார்.

"யாராவது நர்ஸைக் கூப்பிடுங்க" என்றார் நிர்வாகி பதற்றத்தோடு.

கொட்டகை வாசலில் குடை பிடித்துக்கொண்டு, கையில் தண்ணீர்க் கூஜாவோடு, வெள்ளை மீசை தெரிந்தது. பழைய தோட்டக்காரர்தான். மழையில் வார்டு ஆட்கள் என்ன ஆனார்களோ என்று பார்க்க வந்திருந்தார்.

"நான்தாங்க நர்ஸ். சொல்லுங்க" என்றார்.

"இவருக்கு என்னன்னு பாருங்க."

அவர் எட்டிப் பார்த்தார். "வாடிப் போயிட்டாரு" என்றார். "தண்ணி ஊத்தட்டுமா?"

அதற்குள் நெத்தியக்கா கடைக்காரரை உர மூட்டையில் சாய்த்து நெற்றியில் கை வைத்திருந்தாள். ஜில்லென்று வியர்த்திருந்தது. சர்ஜனால் தனக்கு முன்னால் நின்றவர்களை விலக்கவே முடியவில்லை. "சர்க்கரை குடுங்க சிஸ்டர்" என்று அவர் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கத்தினார். அவள் அதற்குள் டீ போட வைத்திருந்த டப்பாவைத் திறந்து, சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக அவர் உதட்டுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். சிறிது நேரத்தில் அவர் கண் திறந்தார். உர மூட்டையைப் பார்த்தார், மண்வெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"சிஸ்டர், நம்ம கடைக்கு வந்துட்டீங்களா?" என்றார்.

வெளிநாட்டு விருந்தினர் நிர்வாகியிடம், "இவங்க யாரு?" என்று கேட்டார்.

"தோட்டக்காரர்" என்றார் நிர்வாகி.

"அவர்?"

"நர்ஸ்."

சொல்லி முடித்ததும் நிர்வாகிக்கே அது காதில் விழுந்தது. மழைச் சத்தத்துக்கு நடுவிலேயே எச்.ஆர். தம்பிக்கு ஃபோன் போட்டார். "தோட்டக்காரருக்கு என்னென்ன போட்டியோ, அதையெல்லாம் நர்ஸுக்குப் போடு. நர்ஸுக்குப் போட்டதைத் தோட்டக்காரருக்குப் போடு. இன்னைக்கே போடு."

எச்.ஆர். தம்பி சொன்னதைச் செய்கிறவன். ஒரு எழுத்து பிசகாமல் செய்தான். அடுத்த வாரப் பேப்பரில் தோட்டக்காரர் வேலைக்கு முகலட்சணம் போதும் என்று வந்தது. மீசைக்காரர் அன்றைக்கே மனுப் போட்டு, இந்த முறை நிரந்தரமாகவே, தோட்டத்துக்குத் திரும்பினார். முதல் வேலையாகக் குரோட்டன்ஸுக்கு ஏறிக்கொண்டிருந்த பாட்டிலைக் கழற்றினார். நர்ஸ் வேலைக்குப் பட்டயமும் பத்தாண்டு அனுபவமும் உயிர்களின்பால் அன்பும் வேண்டும் என்று வந்தது. அதற்கு மனுப் போட்டு நெத்தியக்காவும் மூன்றாம் வார்டுக்கே திரும்பினாள்.

விளம்பரத்தோடு நிற்காமல் வேலை விதிகளையும் அவன் அப்படியே இடம் மாற்றியிருந்தான். அதனால் நர்ஸுகள் அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு ஜோடி ரப்பர் பூட்ஸும், வெயிலுக்கு ஒரு அகலத் தொப்பியும், நடுவில் இரண்டு தடவை டீ இடைவேளையும் கிடைத்தன. மழை பெய்தால் வெளிவேலை செய்ய வேண்டியதில்லை என்றும் இருந்தது. திருத்தச் சொல்லலாமா என்று நெத்தியக்கா யோசித்தாள்.

"வேணாம்க்கா" என்றாள் ரேடியோ, பூட்ஸை மாட்டிப் பார்த்துக்கொண்டே. "டீ போயிடும்."

டீ என்றதும் திருத்தும் யோசனையை எல்லோரும் கைவிட்டார்கள். முதன்முதலாக உட்கார்ந்து டீ குடிக்க நேரம் கிடைத்தது என்பதைத்தான் பிற்காலத்தில் அவர்கள் அந்தப் போராட்டத்தின் வெற்றியாகச் சொன்னார்கள். எச்.ஆர். தம்பி ஒரு நாள் மாடியேறி மூன்றாம் வார்டுக்கு வந்து, "அக்கா, நான் யோசிக்காம எழுதிட்டேன்" என்றான். அவள் அவனுக்கு நாற்காலி போட்டாள். அவனும் உட்கார்ந்தான்.

பத்தாண்டு அனுபவம் கேட்டதில் ஒரு சங்கடமும் வந்தது. படித்து முடித்த இளம்பெண்கள் யாரும் மனுப் போட முடியவில்லை. வந்தவர்கள் எல்லாம் வேறு ஆஸ்பத்திரிகளை ஆட்டிப் படைத்துவிட்டு வந்தவர்கள். அதில் ஒருத்தர் நெத்தியக்காவைவிடச் சில மாதம் மூத்தவர், நெட்டையானவர், வந்த அன்றே மூன்றாம் வார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "படுக்கை விரிப்ப இப்படியா மடிப்பாங்க?" என்று கேட்டார்.

நெத்தியக்காவிடம் அப்படிக் கேட்டவர் அதுவரை யாருமில்லை.

"வேற எப்படி மடிப்பாங்க?"

நெட்டை அக்கா விரிப்பின் மூலையைப் பிடித்து மடித்துக் காட்டினார். நெத்தியக்கா அதைப் பிரித்துத் தன் முறையில் மடித்தாள். அவர் பிரித்தார். இவள் மடித்தாள். கட்டிலில் படுத்திருந்தவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டு கொடுத்தார். அந்தச் சண்டை ஓய்வு பெறும் வரைக்கும் முடியவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பகிர்ந்துகொள்ளும்போதும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். ஒருத்தி லீவு போட்டால் மற்றவளுக்கு வேலை ஓடாது.

இரண்டு பேரும் ஒரே வருஷம் ஓய்வு பெற்றார்கள். வழியனுப்பிய மறுவாரம் சேர்ந்து கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போனார்கள். நெத்தியக்கா அதுவரை கடலைப் பார்த்ததில்லை. விடுதி அறையில் பையை வைத்துவிட்டு நேராகக் கரைக்குப் போய், கணுக்கால் நனைய நின்றாள். நெட்டை அக்கா பின்னாலிருந்து, சேலையைத் தூக்கிக்கோ, நனையுது என்று கத்திக்கொண்டிருந்தார். அலை வந்து போனது. அவள் தூக்கிக்கொள்ளவில்லை.